மூணு அப்ளிகேஷனுக்கும் ஒரே ஹெல்ப் பேஜ்: பொதுப் பக்கங்களை ஒரே இடத்துல வச்சுக்கறது எப்படி

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலைல சில்க் போர்டு சிக்னல்ல பஸ்ஸுக்குள்ள நின்னுட்டு இருக்கேன், கலாசிபாளையத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர் நேரா என் செல்லுக்கே கூப்பிட்டார். "தம்பி, நீங்க போட்டிருக்கற நம்பருக்கு நாலு நாளா அடிக்கிறேன், யாரோ எடுத்து ராங் நம்பர்ங்கறாங்க, இங்க என் பில்லு எல்லாம் நிக்குது"ன்னார். எங்க ஹெல்ப் டெஸ்க் நம்பர் மாறி அப்ப அஞ்சு மாசம் ஆச்சு. கஸ்டமர் போர்ட்டல்ல மாத்தியிருந்தோம், அட்மின்ல மாத்தியிருந்தோம், டீலர் போர்ட்டல்ல மட்டும் பழசு அப்படியே கிடந்துச்சு, ஏன்னா அந்த ஹெல்ப் பேஜ் மூணு அப்ளிகேஷன்லயும் தனித்தனி காப்பி, அஞ்சு மாசமா டீலருங்க யார் கூப்பிட்டாலும் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருத்தர் வீட்டுல போன் அடிச்சிருக்கு.

அன்னிக்கு மத்தியானமே மூணு ப்ராஜெக்ட்டையும் திறந்து பக்கம் பக்கமா வச்சு ஒப்பிட்டோம். பிரைவசி பக்கம் மூணுலயும் மூணு விதம். ஒண்ணுல காலி பண்ணிட்டு வந்த பழைய ஆபீஸ் அட்ரஸ். எங்க இன்ஃப்ரா டீம்ல இருக்கற கன்னடப் பையன் பாத்துட்டு "ஒந்தே கடெ இடோண குரு"ன்னான், ஒரே இடத்துல வச்சுடலாம்னு. சரிதான், ஆனா அந்த ஒரே இடம் எதுன்னு முடிவு பண்றதுலதான் பாதி வேலை இருக்கு, அவசரத்துல தப்பா முடிவு பண்ணா காப்பி-பேஸ்ட்டே தேவலைங்கற நிலைமை வந்துரும். நாங்க ரெண்டு தடவை மாத்திக் கட்டினோம், அதுல தெரிஞ்சதைத்தான் எழுதுறேன்.

எங்ககிட்ட இருக்கறது டாம்கேட்ங்கற ஜாவா சர்வர்ல ஓடற மூணு வார் ஃபைல் (ஒரு அப்ளிகேஷன் முழுசையும் கட்டி வச்ச பொட்டலம்), ஒவ்வொண்ணுக்கும் தனி சப்டொமைன், எல்லாத்துக்கும் முன்னாடி, வர்ற ரிக்வெஸ்ட்டை வாங்கிப் பிரிச்சு அனுப்பற என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். உங்களுது வேற மாதிரி இருந்தாலும் யோசனை ஒண்ணுதான். கான்ஃபிக் வார்த்தைங்களை எல்லாம் இங்க தமிழ் எழுத்துல எழுதுறேன், ஃபைல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

முதல்ல கோடு எதையும் தொடாம ஒரு ஷீட்டைத் திறந்து, ஒண்ணுக்கு மேற்பட்ட அப்ளிகேஷன்ல இருக்கற பக்கங்களை எல்லாம் வரிசையா எழுதுங்க: ஹெல்ப், பிரைவசி, டெர்ம்ஸ், கான்டாக்ட், ஹெடர், ஃபூட்டர், லாகின், பாஸ்வேர்டு மறந்துட்டேன், எரர் பக்கம், ப்ரொஃபைல். ஒவ்வொண்ணுக்கும் நேரா ரெண்டே கேள்வி கேளுங்க. இந்தப் பக்கம் மாறினா எல்லா இடத்துலயும் அதே நிமிஷம் மாறணுமா, இல்ல அந்தந்த அப்ளிகேஷன் அடுத்த ரிலீஸ்ல மாறினா போதுமா? இந்தப் பக்கத்தைக் காட்டறதுக்கு லாகின் பண்ணியிருக்கறது யாருன்னு தெரியணுமா? ஹெல்ப் நம்பர் அதே நிமிஷம் மாறணும், யார் பாக்கறாங்கன்னு தெரிய வேண்டியதில்ல, அதனால அது அப்ளிகேஷனுக்கு வெளிய போயிரலாம். ஹெடர்ல "வணக்கம் முருகன்"னு பேர் காட்டணும், மெனுவுல அவருக்கு உரிமை இருக்கறது மட்டும் தெரியணும், அதனால அது அப்ளிகேஷனுக்கு உள்ளதான் இருக்கணும், வெளிய எடுத்துட்டுப் போனா செஷன், அதாவது லாகின் பண்ணவர் யாருன்னு அப்ளிகேஷன் வச்சிருக்கற ஞாபகம், கிடைக்காது. இந்த ரெண்டு வகையையும் ஒரே வழியில அடைக்கப் பாத்ததுதான் நாங்க முதல் தடவை பண்ண தப்பு.

வெளிய போற பக்கங்களை முதல்ல முடிச்சுருங்க, அது சீக்கிரம் முடியும், பலனும் உடனே தெரியும். இந்தப் பக்கங்களை எல்லாம் சாதா ஹெச்டிஎம்எல்லா மாத்தி ஒரு தனி கிட் ரெப்பாசிட்டரில போட்டுட்டு, சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல வச்சு, என்ஜின்எக்ஸ்ல "/காமன்/"னு ஒரு லொக்கேஷன் (இந்த அட்ரஸ் வந்தா இதைச் செய்னு சொல்ற பகுதி) எழுதி, அதுக்குள்ள அலியாஸ் போட்டு அந்த ஃபோல்டரைக் காட்டணும். இந்த நாலு வரியை ஒரு தனி ஃபைலா வச்சுக்கிட்டு, மூணு சப்டொமைனோட சர்வர் பிளாக்லயும் இன்க்லூட்னு ஒரு வரி சேத்தா போதும். ஹெல்ப்புக்குன்னு நாலாவதா ஒரு சப்டொமைன் போட்டா என்னன்னு கேப்பீங்க, நாங்களும் யோசிச்சோம், ஆனா டீலர் ஹெல்ப்பைப் படிச்சுட்டு லோகோவைத் தட்டினா எங்க போகணும்னு அந்த சப்டொமைனுக்குத் தெரியாது. அதே ஹோஸ்ட்ல இருந்து குடுத்தா, லோகோல வெறும் ஸ்லாஷ் லிங்க் போட்டா போதும், டீலர் போர்ட்டல்ல இருந்து வந்தவர் டீலர் போர்ட்டலுக்கே திரும்பிப் போவார். ஒரே ஃபைல் மூணு வீட்டுலயும் சொந்தப் பிள்ளை மாதிரி நடந்துக்கும்.

இங்க ஒரு இடத்துல நிதானமா இருங்க. லொக்கேஷன்ல முடிவுல ஸ்லாஷ் விட்டுட்டு, அலியாஸ்ல மட்டும் ஸ்லாஷோட எழுதினீங்கன்னா, வெளிய இருந்து ஒருத்தர் "/காமன்../"னு ரெண்டு புள்ளி சேத்து அடிச்சு, உங்க ஃபோல்டருக்கு ஒரு படி மேல இருக்கற ஃபைலை எடுத்துட்டுப் போயிரலாம், ஏன்னா என்ஜின்எக்ஸ் "/காமன்" வரைக்கும் வெட்டிட்டு மிச்சத்தை அப்படியே அலியாஸோட ஒட்டிரும். ரெண்டுலயும் ஸ்லாஷ் வைங்க. அதே மாதிரி, பொதுப் பக்கம் டிஸ்க்ல இல்லாம வேற ஒரு அப்ளிகேஷன்ல இருந்து வருதுன்னா ரிக்வெஸ்ட்டை அங்க திருப்பி விட ப்ராக்ஸி பாஸ் போடுவீங்க, அங்க அட்ரஸுக்குப் பின்னாடி ஒத்த ஸ்லாஷ் இருந்தாலே "/காமன்/"ங்கற பகுதி நீங்கிப் போய் அந்த இடத்துல அந்த ஸ்லாஷ் உக்காந்துக்கும், ஸ்லாஷ் இல்லன்னா முழு பாத்தும் அப்படியே பின்னாடி போகும். 404 வருதுன்னு யாராவது வந்து சொன்னா நான் முதல்ல பாக்கறது அந்த ஒத்த ஸ்லாஷைத்தான்.

இன்னொண்ணு ஆட் ஹெடர், இது பக்கத்து மேல இருக்கற ஹெடர் இல்ல, பதிலோட பிரவுசருக்குப் போற குறிப்பு வரி. சர்வர் பிளாக்ல பாதுகாப்பு ஹெடர் எல்லாம் ஒழுங்கா போட்டிருப்பீங்க, பொதுப் பக்கத்து லொக்கேஷன்ல கேஷுக்காக ஒரே ஒரு ஆட் ஹெடர் சேப்பீங்க, அவ்வளவுதான், மேல இருந்ததெல்லாம் அந்த லொக்கேஷனுக்கு வராது. சாதாரணமா என்ஜின்எக்ஸ்ல, உள்ள ஒண்ணாவது எழுதிட்டா மேல இருந்து எதுவும் இறங்காது. அதனால தேவையான ஹெடர் எல்லாத்தையும் அந்த இன்க்லூட் ஃபைலுக்குள்ளயே மறுபடி எழுதுங்க. கேஷை பொறுத்தவரைக்கும் ஹெச்டிஎம்எல்லுக்கு நோ-கேஷ் வைங்க. பேரைப் பாத்து சேமிக்கவே சேமிக்காதுன்னு நினைச்சுராதீங்க, சேமிச்சு வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் சர்வர்கிட்ட மாறிருச்சான்னு கேக்கும், மாறலைன்னா 304ன்னு ஒரு சின்ன பதிலோட முடிஞ்சுரும். சிஎஸ்எஸ், படம் இதுக்கெல்லாம் ஃபைல் பேர்லயே ஒரு ஹாஷ் (உள்ளடக்கம் மாறினா மாறற குறியீடு) சேத்து மேக்ஸ்-ஏஜ் 31536000, அதாவது ஒரு வருஷம்னு வைங்க. ஹெச்டிஎம்எல்லுக்கும் சேத்து ஒரு நாள் கேஷ் வச்சிருந்தோம் முதல்ல, நம்பரை மாத்தின அன்னிக்கு எங்க ஆபீஸ்லயே பாதிப் பேருக்குப் பழைய நம்பர்தான் தெரிஞ்சுது, அப்புறம் என்ன பிரயோஜனம்.

தமிழ், கன்னடப் பக்கம் வைக்கறவங்க கவனிக்க வேண்டிய விஷயம் எழுத்து உடையறது. என்ஜின்எக்ஸ்ல சார்செட் யுடிஎஃப்-8ன்னு ஒரு வரி போட்டாச்சுன்னா ஹெச்டிஎம்எல் பக்கம் சரியாயிரும், தொல்லை பண்றது ஜேஎஸ்பி, அதாவது சர்வர்ல ஓடி ஹெச்டிஎம்எல்லை உண்டாக்கற ஜாவா பக்கம். பேஜ் என்கோடிங் சொல்லலைன்னா ஜேஎஸ்பி ஃபைலை, தமிழ் எழுத்தே இல்லாத ஐஎஸ்ஓ 8859-1ன்னு எடுத்துக்கும், அதுலயும் இன்க்லூட் பண்ற துண்டு ஃபைலுக்கு மேல இருக்கற பக்கத்தோட என்கோடிங் தானா வராது, அதனால பக்கம் முழுக்கத் தமிழ் ஒழுங்கா இருக்கும், பொதுவுல இருந்து வந்த ஃபூட்டர் மட்டும் புரியாத குறிகளா நிக்கும். ஒவ்வொரு துண்டுலயும் எழுதறதை விட, அப்ளிகேஷனோட கான்ஃபிக் ஃபைலான வெப் எக்ஸ்எம்எல்ல ஜேஎஸ்பி ப்ராப்பர்ட்டி குரூப்புக்குள்ள பேஜ் என்கோடிங்கை ஒரு தடவை எழுதிருங்க. மெசேஜ் எல்லாம் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல வச்சிருந்தா இன்னொரு வித்தியாசமும் இருக்கு: 2017ல வந்த ஜாவா 9ல இருந்துதான் அந்த ஃபைலை எடுக்கற ரிசோர்ஸ் பண்டில் யுடிஎஃப்-8ஆ படிக்கும், ஜாவா 8ல ஓடற அப்ளிகேஷன் அதே ஃபைலை 8859-1ஆ படிக்கும். மூணு அப்ளிகேஷன்ல ஒண்ணு மட்டும் இன்னும் 8ல இருந்தா, அதுல மட்டும் தமிழ் உடையும், என்னடா அதே ஃபைல்தானேன்னு தலையைப் பிச்சுக்குவீங்க.

மொழி விஷயத்தை நான் ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, எங்க டீலருங்கள்ல பாதிப் பேர் இங்கிலீஷ் பக்கத்தைப் படிக்கவே மாட்டாங்க, அவங்ககிட்ட வாங்கற விவரத்தை என்ன பண்றோம்னு அவங்களுக்குப் புரியற மொழியில சொல்லணும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 5வது பிரிவும் அதைத்தான் கேக்குது, விவரம் வாங்கறப்ப குடுக்கற நோட்டீஸை இங்கிலீஷ்லயோ, அரசியலமைப்போட எட்டாவது அட்டவணையில இருக்கற 22 மொழியில எதுலயோ படிக்கற வசதி வேணும்னு. இப்ப மூணு அப்ளிகேஷன், ஒவ்வொண்ணுலயும் நாலு மொழின்னு வச்சாலே பன்னெண்டு காப்பி ஆச்சு, அதை கையால ஒரே மாதிரி வச்சிருக்க எந்த டீமாலயும் முடியாது. பொது ஃபோல்டர்ல மொழிக்கு ஒரு உள் ஃபோல்டர் போட்டீங்கன்னா மொழிபெயர்க்கறவங்க நேரா அங்கயே வந்து திருத்தலாம், அதுக்கு ஜாவா டெவலப்பர் யாரும் பில்டு போட வேண்டியதில்ல.

இப்ப ரெண்டாவது வகை, அப்ளிகேஷனுக்கு உள்ள இருக்க வேண்டியது. ஹெடர், ஃபூட்டர், ப்ரொஃபைல் பக்கம், எரர் பக்கம் இதெல்லாம். இதுக்கு நல்ல வழி ஒரு ஜார், அதாவது ஜாவா ஃபைல்களைக் கட்டி வைக்கற ஜிப் மாதிரி பொட்டலம். 2009 கடைசியில வந்த சர்வ்லெட் 3.0ங்கற ஜாவா வெப் விதிமுறையில இருந்தே, ஒரு ஜாருக்குள்ள மெட்டா-இன்ஃப் ஃபோல்டர், அதுக்குள்ள ரிசோர்சஸ் ஃபோல்டர்னு வச்சு அதுல ஜேஎஸ்பியோ படமோ போட்டு, அந்த ஜாரை வாரோட லிப் ஃபோல்டர்ல வச்சா, அந்த ஃபைல் எல்லாம் அப்ளிகேஷனோட ரூட்லயே இருக்கற மாதிரி டாம்கேட் எடுத்துக்கும், டாம்கேட் 7ல இருந்து இது வேலை செய்யுது. அன்ஜிப் பண்ற ஸ்கிரிப்ட், சிம்லிங்க் (வேற ஃபோல்டருக்கு வைக்கற குறுக்கு வழி) எதுவும் தேவையில்ல. பில்டு போடற மேவன்ல ஒரு டிபென்டென்சி சேக்கறீங்க, பக்கம் வந்து உக்காந்துக்குது. அதே பேர்ல ஒரு ஃபைல் உங்க வாருக்குள்ளயே இருந்தா அதுதான் ஜெயிக்கும், ஜார்ல இருக்கறது ஒதுங்கிக்கும், அதனால டீலர் போர்ட்டலுக்கு மட்டும் வேற ஃபூட்டர் வேணும்னா அதே பாத்ல ஒரு ஃபைல் வச்சா போதும். ஆனா ரெண்டு ஜார்ல ஒரே பாத்ல ஃபைல் இருந்தா எது ஜெயிக்கும்னு ஸ்பெக் சொல்லவே இல்ல, அதனால ஜாருக்குள்ள எல்லாத்தையும் உங்க கம்பெனி பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ளயே வைங்க.

டாட்நெட்காரங்களுக்கும் இதே யோசனை இருக்கு, 2018ல ஏஎஸ்பி டாட்நெட் கோர் 2.1ல வந்த ரேஸர் கிளாஸ் லைப்ரரி. அங்கயும் அப்ளிகேஷன்ல அதே பாத்ல வியூ இருந்தா அதுக்குத்தான் முன்னுரிமை. சிஎஸ்எஸ் மாதிரி ஃபைலையும் லைப்ரரிக்குள்ளயே வச்சு நேரா குடுக்கற வசதி 3.0ல வந்துச்சு.

ஜார் வழியில போறவங்க மாட்டிக்கற இடங்களைச் சொல்லிடறேன். லிங்க் எழுதறப்ப கான்டெக்ஸ்ட் பாத்தை (அப்ளிகேஷன் எந்த அட்ரஸுக்குக் கீழ ஓடுதுங்கறதை) கையால எழுதாதீங்க, ஒரு அப்ளிகேஷன் ரூட்ல ஓடும், இன்னொண்ணு "/டீலர்"ல ஓடும், அதனால எப்பவும் ரிக்வெஸ்ட்கிட்ட கேட்டோ, இல்ல ஜேஎஸ்பியோட டேக் லைப்ரரியான ஜேஎஸ்டிஎல்லோட யூஆர்எல் டேக்லயோதான் லிங்க் உண்டாக்கணும். ஜாருக்குள்ள ஃபில்டர் எதாவது வச்சு அதை வெப் ஃப்ராக்மென்ட் எக்ஸ்எம்எல்ல எழுதியிருந்தீங்கன்னா, அப்ளிகேஷனோட வெப் எக்ஸ்எம்எல்ல மெட்டாடேட்டா கம்ப்ளீட் ட்ரூன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா ஃப்ராக்மென்ட்டை கண்டுக்காது, எரரும் வராது, ஃபில்டர் மட்டும் ஓடாது. டாம்கேட் 9ல ஒரு அப்ளிகேஷன், 10ல ஒரு அப்ளிகேஷன்னு வச்சிருக்கறவங்க ஒரே ஜாரை ரெண்டுக்கும் குடுக்க முடியாது, ஏன்னா 10ல ஜாவாஎக்ஸ் சர்வ்லெட்ங்கற பேக்கேஜ் பேரே ஜகார்த்தா சர்வ்லெட்னு மாறிப் போச்சு, ஜாவா கிளாஸ் எதாவது ஜாருக்குள்ள இருந்தா ரெண்டு பில்டு போட்டாகணும். முடிஞ்ச வரைக்கும் பொது ஜார்ல பக்கங்களை மட்டும் வைங்க, கிளாஸ் வைக்காதீங்க.

ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃப்ரேம்வொர்க்), தைம்லீஃப் (அதுல பக்கம் உண்டாக்கற டெம்ப்ளேட் கருவி) வச்சிருக்கறவங்க ஜாருக்குள்ள டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர்ல ஃப்ராக்மென்ட்டை வச்சா போதும், கிளாஸ்பாத்ல தேடி எடுத்துக்கும். அதுல ஒரே ஒரு எச்சரிக்கை, ஃப்ராக்மென்ட் பேருக்கு முன்னாடி ஸ்லாஷ் போடாதீங்க. எங்க டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன், "அண்ணா, என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல டெம்ப்ளேட் இல்லைங்குதுண்ணா"ன்னு ராத்திரி ஒன்பது மணிக்கு முகம் செத்துப் போய் நின்னான். பாத்தா அதேதான், ஐடிஇல ஓடறப்ப சாதா ஃபோல்டர்ல இருந்து படிக்கறதால ரெண்டு ஸ்லாஷ் சேந்து வந்தாலும் ஆபரேட்டிங் சிஸ்டம் பொறுத்துக்கும், ஜாருக்குள்ள அந்தப் பேர்ல எதுவும் இருக்காது. லோக்கல்ல ஓடுச்சுன்னு நம்பாம, ஒரு தடவையாவது பேக்கேஜ் பண்ண ஜாராவே ஓட்டிப் பாருங்க.

ஜார்ல பதிப்பு எண் ஒழுங்கா வைங்க, ப்ரொடக்‌ஷனுக்கு ஸ்னாப்ஷாட் (எண் மாறாமலே உள்ள மாறற) பதிப்பை அனுப்பவே அனுப்பாதீங்க, ஒரே பேர்ல ரெண்டு விதமான ஹெடர் ரெண்டு அப்ளிகேஷன்ல நிக்கும், எது எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நாங்க ஃபூட்டர் ஹெச்டிஎம்எல்லுக்குள்ள ஒரு கமென்ட்ல ஜாரோட பதிப்பை எழுதறோம், பிரவுசர்ல வியூ சோர்ஸ் பாத்தாலே எந்த அப்ளிகேஷன் எதுல நிக்குதுன்னு தெரிஞ்சுரும்.

நாங்க முதல் தடவை பண்ணது இது ரெண்டும் இல்ல, அதனால அதையும் சொல்றேன், ஏன்னா தேடினா முதல்ல கண்ணுல படறது அந்த வழிதான். டாம்கேட்ல நாலாவதா காமன்னு ஒரு அப்ளிகேஷனை வச்சு, மத்த மூணுக்கும் கான்டெக்ஸ்ட் டேக்ல கிராஸ் கான்டெக்ஸ்ட் ட்ரூன்னு போட்டு, ஜேஎஸ்டிஎல் இம்போர்ட் டேக்ல கான்டெக்ஸ்ட் பேரைக் குடுத்து அங்க இருந்து பக்கத்தை இழுக்கறது. ஓடும். ஆனா செஷன் ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி, டீலர் போர்ட்டல்ல லாகின் பண்ணவர் காமன் அப்ளிகேஷனோட செஷன்ல யாருமே இல்ல. சரி ரிக்வெஸ்ட் அட்ரிபியூட்ல யூசர் ஆப்ஜெக்ட்டை அனுப்பலாம்னு பண்ணோம், கிளாஸ் காஸ்ட் எக்ஸப்ஷன் வந்துச்சு, மெசேஜைப் படிச்சா யூசரை யூசரா மாத்த முடியாதுங்குது. ரெண்டு பக்கமும் அதே கிளாஸ், அதே பேர், ஆனா ரெண்டு அப்ளிகேஷனுக்கும் கிளாஸை ஏத்தற கிளாஸ் லோடர் வேறங்கறதால ஜாவாவுக்கு அது ரெண்டு தனி கிளாஸ். ஸ்ட்ரிங்கா மாத்தி அனுப்பித் தப்பிச்சோம், ஆனா காமன் அப்ளிகேஷன் ரீடிப்ளாய் ஆகற ஒரு நிமிஷம் மூணு போர்ட்டலுமே ஹெடர் இல்லாம எரர் அடிச்சு நின்னுச்சு. அதோட எல்லாம் ஒரே டாம்கேட் ப்ராசஸுக்குள்ள இருந்தாத்தான் இது நடக்கும், நாளைக்கு ஒண்ணை கன்டெய்னர்ல தனியா வைக்கணும்னா கதை முடிஞ்சுது. மூணு வாரம் வச்சிருந்துட்டு எடுத்துட்டோம்.

டிஸ்க்ல ஒரே ஃபோல்டரை பல அப்ளிகேஷனுக்குக் காட்டணும்னா சிம்லிங்க்கை விட, டாம்கேட் 8ல இருந்து இருக்கற ரிசோர்சஸ் டேக்குல போஸ்ட் ரிசோர்சஸ்னு குடுத்து வெளி ஃபோல்டரை மவுன்ட் பண்றது மேல். ப்ரீ ரிசோர்சஸ்னா அப்ளிகேஷனோட சொந்த ஃபைலுக்கு முன்னாடி தேடும், போஸ்ட்னா கடைசியில தேடும். சிம்லிங்க்குக்காக அலவ் லிங்கிங்கை ட்ரூ பண்றவங்க, விண்டோஸ் சர்வர்னா தயவுசெஞ்சு பண்ணாதீங்க, எழுத்து பெருசு-சிறுசு பாக்கற சோதனை அதுல நின்னு போய் ஜேஎஸ்பியோட சோர்ஸ் கோடே வெளிய தெரியற ஆபத்து இருக்குன்னு டாம்கேட் டாக்குமென்ட்லயே எழுதியிருக்கு.

நடுவுல ஒரு வழி இருக்கு. ஹெடரும் ஃபூட்டரும் ஆளைப் பொறுத்து மாறாதுன்னா என்ஜின்எக்ஸோட எஸ்எஸ்ஐ (சர்வர் சைட் இன்க்லூட்). அப்ளிகேஷன் அனுப்பற ஹெச்டிஎம்எல்ல ஒரு கமென்ட் மாதிரி இன்க்லூட் வரி இருக்கும், என்ஜின்எக்ஸ் அந்த இடத்துல பொது ஃபைலை ஒட்டி அனுப்பும். அப்ளிகேஷன் ஜாவாவா பிஹெச்பியாங்கற கவலையே இல்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ரெண்டு விஷயம் மட்டும்: பின்னாடி இருந்து வர்ற பதில் ஜிஜிப் ஆகி வந்தா என்ஜின்எக்ஸால உள்ள தேட முடியாது, அதனால அக்செப்ட் என்கோடிங் ஹெடரை காலியா வச்சு பின்னாடி அனுப்புங்க. அப்புறம் யூசர் டைப் பண்ண எழுத்து எதாவது எஸ்கேப் ஆகாம (ஹெச்டிஎம்எல் குறிகள் வெறும் எழுத்தா மாறாம) பக்கத்துல வந்தா, அவர் எழுதற இன்க்லூட் வரியையும் என்ஜின்எக்ஸ் நிறைவேத்திரும், எஸ்கேப்பிங் சரியா இருக்குன்னு நிச்சயம் இருந்தா மட்டும் ஆன் பண்ணுங்க.

பக்கத்துக்குள்ள இன்னொரு பக்கத்தைக் காட்டற ஐஃப்ரேம் வேண்டாம். உயரம் சரியா வராது, மொபைல்ல ரெண்டு ஸ்க்ரோல் வரும், எக்ஸ் ஃப்ரேம் ஆப்ஷன்ஸ் ஹெடர் இருந்தா அது தடுக்கும், வேற சைட்ல இருந்து வந்தா குக்கியும் போகாது, 2020 பிப்ரவரில குரோம் 80 வந்ததுல இருந்து சேம்சைட் சொல்லாத குக்கியை லாக்ஸ்னு (வேற சைட்டுக்குள்ள ஃப்ரேமா வந்தா அனுப்பாது) எடுத்துக்குது.

லாகின் பக்கத்தை மட்டும் தனியாப் பிரிச்சுருங்க. அந்தப் பக்கத்தோட ஹெச்டிஎம்எல்லை பொதுவாக்கினா லாகின் பொதுவாகாது, ஒரு போர்ட்டல்ல நுழைஞ்சவர் இன்னொண்ணுல மறுபடி பாஸ்வேர்டு கேக்கறதைப் பாத்து நம்மளைத்தான் திட்டுவார். எல்லாம் ஒரே டாம்கேட்ல ஒரே ஹோஸ்ட் டேக்குக்கு உள்ள இருந்தா, டாம்கேட்டோட சொந்த லாகினையே பயன்படுத்தறவங்களுக்கு சிங்கிள் சைன் ஆன் வால்வ்னு ஒரு வரி போதும். மத்தவங்க கீக்ளோக் மாதிரி தனி லாகின் சர்வர் வச்சு ஓபன்ஐடி கனெக்ட்ல போறதுதான் சரி, அங்க லாகின் பக்கம் நிஜமாவே ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்.

எரர் பக்கம் பத்தி எனக்கு உறுதியான கருத்து இருக்கு. அதை எந்தக் காரணத்துக்காகவும் வேற ஒரு அப்ளிகேஷன்ல இருந்து எடுக்காதீங்க, அது தேவைப்படறதே மத்தது எதுவும் ஓடாத நேரத்துலதான். 404 (பக்கம் இல்ல), 500 (அப்ளிகேஷன் எரர்) ரெண்டும் ஜார் வழியா ஒவ்வொரு வாருக்குள்ளயும் இருக்கட்டும். டாம்கேட்டே விழுந்துட்டா வர்ற 502, 504க்கு என்ஜின்எக்ஸ் இருக்கற மெஷின்லயே ஒரு ஹெச்டிஎம்எல் வைங்க, சிஎஸ்எஸ்ஸை அதுக்குள்ளயே எழுதுங்க, லோகோ வேணும்னா எஸ்விஜியா உள்ளயே போடுங்க, வெளிய எங்கயும் போய் எதையும் எடுக்கக் கூடாது. ஹெல்ப் நம்பரை அதுலயும் எழுதுங்க, அந்த நேரத்துல ஜனங்களுக்கு அது ஒண்ணுதான் வேணும். அப்ளிகேஷனே அனுப்பற 500ஐ என்ஜின்எக்ஸ் தானா மாத்தாது, ப்ராக்ஸி இன்டர்செப்ட் எரர்ஸ் ஆன் பண்ணாத்தான் மாத்தும். ஆன் பண்றதுக்கு முன்னாடி உங்க ஏபிஐ பதில்களை யோசிங்க, ஜேசான் எதிர்பாக்கற மொபைல் அப்ளிகேஷனுக்கு ஹெச்டிஎம்எல் போய் நிக்கும்.

மாத்தறப்ப பழைய அட்ரஸை அறுத்து விட்டுராதீங்க. பழைய ஹெல்ப் லிங்க் எஸ்எம்எஸ்ல போயிருக்கும், பில்லுல அச்சடிச்சிருக்கும், கடைக்காரர் புக்மார்க்ல இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் புது பாத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் 302 (தற்காலிகத் திருப்பல்) வச்சுப் பாருங்க, 301ஐ பிரவுசர் ஞாபகம் வச்சுக்கும், தப்பா போட்டா திருப்பறது கஷ்டம். ஒரே நாள்ல மூணையும் மாத்தாம, ஆள் கம்மியா வர்ற அட்மின்ல ஆரம்பிச்சு, ரெண்டு நாள் லாக்ல 404 பாத்துட்டு அடுத்ததுக்குப் போங்க. ஒவ்வொரு தடவையும் என்ஜின்எக்ஸ் மைனஸ் டி அடிச்சு கான்ஃபிக் சரின்னு பாத்துட்டுத்தான் ரீலோட்.

முடிச்சப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைங்க. மூணு ஹோஸ்ட்ல இருந்தும் ஹெல்ப் பக்கத்தை கர்ல் கமாண்டுல எடுத்து, எம்டி5 (உள்ளடக்கத்தோட கைரேகை மாதிரி) போட்டு ஒப்பிட்டு, ஒண்ணு வேற மாதிரி இருந்தா மெயில் அனுப்பறது, பத்து வரிகூட வராது. என்ஜின்எக்ஸ் ரெண்டு மெஷின்ல ஓடுதுன்னா ரெண்டையும் தனித்தனியா கேளுங்க, டிப்ளாய் ஒண்ணுல மட்டும் நடந்து இன்னொண்ணுல விட்டுப் போறது சகஜம், எங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் முதல் மாசத்துலயே அதைப் பிடிச்சுக் குடுத்துச்சு.

கடைசியா பழைய நம்பரையே எடுத்து மூணு ரெப்பாசிட்டரி, டேட்டாபேஸ் டம்ப், எஸ்எம்எஸ் டெம்ப்ளேட், மெயில் டெம்ப்ளேட் எல்லாத்துலயும் கிரெப் போட்டுத் தேடுங்க, நடுவுல ஸ்பேஸ் விட்டு எழுதினது, கோடு போட்டு எழுதினது, 0 சேத்தது, +91 சேத்ததுன்னு எல்லா விதத்துலயும். எங்களுக்கு பில் பிடிஎஃப்போட அடிக்குறிப்புல ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அது ஒரு டேட்டாபேஸ் டேபிள்ல இருந்து வந்துட்டு இருந்துச்சு, அண்ணாச்சி அந்த நம்பரை பாத்ததே அங்க இருந்துதான்னு அப்பதான் தெரிஞ்சுது.